ஒம்பதாவது பசங்களுக்கு இனப்படுகொலை வரலாறு, அதுவும் நம்ம கிறிஸ்டியன் ஸ்கூல்ல, எவ்ளோ சொல்லலாம்?

சாக்பீஸ்_ராயபுரம்

வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு எய்டட் கிறிஸ்டியன் ஸ்கூல்ல சோஷியல் எடுக்குறேன், ஸ்கூல் பேரு வேணாம். ஒம்பதாவது பத்தாவது ரெண்டும் என் தலையிலதான். ஜனவரில கொஞ்சம் பீரியட் தர்றேன், மறைக்கல்விக்கு போற கத்தோலிக்க பசங்க நன்னெறிக்கு போற மத்த பசங்கனு பிரிக்காம ஒண்ணா உக்கார வெச்சு உருப்படியா எதாவது எடுங்க டீச்சர்னு ஹெச்.எம். சிஸ்டர் சொன்னாங்க, நானும் ஜனவரி 27 வருதே, 1945ல அன்னைக்குத்தான் சோவியத் ராணுவம் நாஜிங்களோட ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குள்ள போச்சு, ஐ.நா.வும் அதையே நினைவு நாளா வெச்சிருக்கு, அத ஒட்டி எடுக்குறேன் சிஸ்டர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இத எடுக்கணும்னு தோணுனதுக்கு காரணம் இருக்கு. பத்தாவது புக்ல ரெண்டாம் உலகப்போர் பாடத்துல ஹோலோகாஸ்ட்னு ஒரு துண்டு வரும், பசங்களுக்கு அது ரெண்டு மார்க் கேள்வி, 60 லட்சம் யூதர்கள்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிடுவாங்க. ஒம்பதாவதுல ஒருத்தன் ரஃப் நோட்டு அட்டையில ஹிட்லர வரைஞ்சு கீழ 'மாஸ்'னு எழுதி வெச்சிருந்தான். என்னடா இதுனு கேட்டா "டிசிப்ளின் மிஸ், நாட்டையே லைன்ல நிக்க வெச்சாரு"ன்றான். சரி இது எல்லா ஊர்லயும் இருக்குறதுதான், ஸ்ட்ரிக்டான பி.டி. மாஸ்டருக்கு ஹிட்லர்னு பட்டப்பேரு வெக்காத ஸ்கூல் எங்க இருக்கு. ஆனா பின்னாடி பெஞ்சுல இன்னொரு பையன், பூசை தவறாத பையன், பீடத்துல உதவி செய்றவன், எழுந்து நின்னு சீரியஸா கேக்குறான், "அவங்க இயேசுவ கொன்னவங்கதான மிஸ், அதனாலதான அவங்களுக்கு அப்டி ஆச்சு?" பாதி கிளாஸ் தலைய ஆட்டுது. வருஷா வருஷம் இயேசு பாடுபட்டத நடிக்கிற பாஸ்கா நாடகம் பாத்து வளந்த பசங்க, அவங்களுக்கு யூதன்னா ஒட்டு தாடி வெச்சுக்கிட்டு "சிலுவையில் அறையும்"னு கத்துறவன்தான், வேற யூதன எங்க பாத்தாங்க.

ஸ்டாஃப் ரூம்ல இத சொன்னா ஒரு சீனியர் டீச்சர், யூதர்கள ஒளிச்சு வெச்சு காப்பாத்துன கன்னியாஸ்திரிங்க கதை நிறைய இருக்கு, அத மட்டும் சொல்லி முடிச்சுடுங்க, நம்ம திருச்சபைய நாமளே ஏன் இழுத்து வெச்சு பேசணும்ன்றாங்க. இன்னொருத்தர், ஏற்கனவே வெளிய மதம் மாத்துறாங்கனு பேச்சு, இதுல நாமளே எடுத்து கொடுக்கணுமாங்குறாரு. எனக்கு ருவாண்டாவும் எடுக்கணும்னு ஆசை, அங்க கோயிலுக்குள்ளயே வெச்சு கொன்னாங்க, அத சுவத்துல சிலுவை மாட்டுன ரூம்ல உக்காந்துருக்குற 14 வயசு பசங்ககிட்ட எப்டி சொல்றது? படம் காட்டலாமா? ஈழத்த பத்தி கேட்டா? எடுத்து பழகுனவங்க சொல்லுங்க. எதுக்கு வம்புன்றவங்களும் காரணத்தோட சொல்லுங்க.

பெரம்பூர்_பழைய_வாத்தியார்

டீச்சரம்மா, ஜனவரி வரைக்கும் ஏன் காத்திருக்கணும், அந்த பையன் கேட்டதுக்கு நாளைக்கே பதில் சொல்லுங்க. இயேசு யூதர், மரியாள் யூதப் பொண்ணு, பேதுரு பவுல் எல்லாரும் யூதருங்க. சிலுவைங்கிறது ரோமாபுரிக்காரன் கொடுக்குற தண்டனை, தீர்ப்பு சொன்னது பொந்தியு பிலாத்து (நீங்க போஞ்சு பிலாத்துனு சொல்லுவீங்க), அந்தாளு பேர விசுவாசப் பிரமாணத்துல வாராவாரம் நம்ம வாயாலயே சொல்றோம், ஆனா பழி மட்டும் எவனோ ஒருத்தன் பேரப்பிள்ளை தலையில. 1965 அக்டோபர் 28ல உங்க ரெண்டாம் வத்திக்கான் சங்கமே ஏடு போட்டு எழுதிடுச்சு, நோஸ்ட்ரா ஏத்தாத்தேனு பேரு, இயேசு பட்ட பாடுகளுக்கு அன்னைக்கு இருந்த எல்லா யூதர் மேலயும் பழி போடக்கூடாது, இன்னைக்கு இருக்குறவங்க மேலயும் போடக்கூடாதுனு தெளிவா இருக்கு. 1959லயே போப் இருபத்திமூன்றாம் யோவான் பெரிய வெள்ளி மன்றாட்டுல யூதர்கள இழிவா சொல்ற சொல்ல எடுக்க வெச்சாரு. சீனியர் டீச்சர்கிட்ட இத காட்டுங்க. திருச்சபைய இழுக்குறது நீங்க இல்ல, அதுவே எழுதி கையெழுத்து போட்டு வெச்சிருக்கு.

கத்தோலிக்கத்த மட்டும் சொல்லிட்டு போனா நல்லாருக்காது, நான் லூத்தரன், எங்க வீட்டு கதையும் சொல்றேன். மார்ட்டின் லூத்தர் 1543ல யூதர்களுக்கு எதிரா ஒரு புஸ்தகம் எழுதினாரு, அவங்க ஜெப ஆலயங்கள கொளுத்துங்க வீடுகள இடிங்கனு அதுல இருக்கு. 1938 நவம்பர் 9 ராத்திரி நாஜிங்க ஜெர்மனி முழுக்க ஜெப ஆலயங்கள கொளுத்துனாங்க, மறுநாள் 10ம் தேதி லூத்தர் பொறந்த நாள், ஒரு லூத்தரன் பிஷப்பு, மார்ட்டின் சாஸ்ஸெனு பேரு, இந்த பொருத்தத்த சொல்லி சந்தோஷப்பட்டு லூத்தர் எழுதுனதுல இருந்து பொறுக்கி எடுத்து ஒரு சின்ன புஸ்தகமே போட்டாரு. உலக லூத்தரன் கூட்டமைப்பு அந்த எழுத்த ஏத்துக்க முடியாதுனு சொல்ல 1984 ஆச்சு. எங்க சபையில லூத்தர பத்தி எவ்ளோ பிரசங்கம் கேட்டுருக்கேன், தொண்ணூத்தஞ்சு கோட்பாடு, பைபிள மொழிபெயர்த்தது, பாட்டு எழுதுனது எல்லாம் வரும், இது வராது. சண்டே ஸ்கூல்ல நாஜிங்கள எதுத்த லூத்தரன் பாஸ்டர் போன்ஹாஃபர் கதை சொல்லுவோம், 1945 ஏப்ரல் 9 ஃப்ளோசன்பர்க் முகாம்ல தூக்குல போட்டாங்க, பிள்ளைங்க கண்ணு கலங்கும். சொல்ல வேண்டியதுதான். ஆனா போன்ஹாஃபர் மாதிரி நின்னவங்க கொஞ்சம் பேரு, 1933ல 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்'னு ஒரு கூட்டம் சபைக்குள்ளயே நாஜி கொடி பிடிச்சு தேர்தல்ல பெருவாரியா ஜெயிச்சுது, அத விட்டுட்டு இத மட்டும் சொன்னா பசங்க என்ன நெனப்பாங்க, கிறிஸ்தவங்க எல்லாரும் எதுத்து நின்னாங்க போலனு தான்.

இப்ப நான் கிளாஸ்ல எடுத்தத சொல்றேன். பிணக்குவியல்ல ஆரம்பிக்காதீங்க, ஞானஸ்நான சர்டிபிகேட்ல ஆரம்பிங்க. நம்ம பசங்களுக்கு அது நல்லா தெரிஞ்ச பொருள், கோயில் ஆபீஸ்ல நீட்டு ரிஜிஸ்டர எடுத்து பக்கத்த பொரட்டி, அப்பா பேரு அம்மா பேரு ஞானப்பெற்றோர் பேரு பாத்து, எழுதி சீல் குத்தி கொடுப்பாங்க, ஸ்கூல் அட்மிஷனுக்கு கல்யாணத்துக்கு எல்லாம் கேக்குற பேப்பரு. 1933 ஏப்ரல்ல ஜெர்மனில ஒரு சட்டம் வந்துச்சு, ஆரியனா இல்லாதவன் கவர்மென்ட் வேலையில இருக்கக்கூடாதுனு. ஆரியன்னு எப்டி நிரூபிக்கிறது? தாத்தா பாட்டி சர்டிபிகேட் வேணும். 1876க்கு முன்னாடி ஜெர்மனி முழுக்க பொதுவான சிவில் பதிவே கிடையாது, அப்போ தாத்தா பாட்டி பொறப்பு எங்க எழுதிருக்கும்? கோயில் ரிஜிஸ்டர்ல. ஊர் ஊரா கோயில் ஆபீஸ்ல உக்காந்து பாஸ்டரும் ஃபாதரும் குமாஸ்தாவும் சர்டிபிகேட் எழுதி கொடுத்தாங்க, யார் பேரு அதுல இல்லையோ அவன் யாருனு அதுலயே தெரிஞ்சு போச்சு. அவங்க யாரும் துப்பாக்கி தூக்கல, அவங்க பாட்டுக்கு ஆபீஸ் வேலைய பாத்தாங்க. இத சொன்னா ஒம்பதாவது பையனுக்கு அப்டியே புரியும், விளக்கமே வேணாம்.

அப்புறம் 1935 நியூரம்பர்க் சட்டம், மூணு தாத்தா பாட்டி யூதர்னா நீயும் யூதன், ஞானஸ்நானம் வாங்கிருந்தாலும் தப்பிக்க முடியாது. எடித் ஸ்டெயின் யூதக் குடும்பத்துல பொறந்து கத்தோலிக்கத்துக்கு மாறுனவங்க, ஹாலந்துல கன்னியாஸ்திரியாவே இருந்தாங்க, கார்மேல் சபை. 1942 ஜூலைல ஹாலந்து ஆயருங்க நாடு கடத்துறத கண்டிச்சு கோயில்கள்ல கடிதம் வாசிக்க வெச்சாங்க, உடனே பழிக்கு பழியா மதம் மாறுன யூதர்கள பிடிச்சாங்க, ஆகஸ்ட்ல ஆஷ்விட்ஸ்ல எடித் ஸ்டெயின் கதை முடிஞ்சுது. வாய திறந்தா என்ன ஆகும், திறக்காம இருந்தா என்ன ஆகும்னு பசங்களே சண்ட போடுவாங்க, விட்டு பாருங்க, நடுவுல போய் தீர்ப்பு சொல்லாதீங்க.

இன்னொன்னு. 1945 அக்டோபர்ல ஜெர்மன் சபைத் தலைவருங்க ஸ்டுட்கார்ட்ல ஒரு குற்ற அறிக்கை விட்டாங்க, நாங்க இன்னும் தைரியமா சாட்சி சொல்லிருக்கணும், இன்னும் உண்மையா ஜெபிச்சிருக்கணும்னு உருக்கமா இருக்கும். சின்ன அறிக்கைதான், அத பசங்ககிட்ட கொடுத்து யூதர்னு எங்க வருதுனு தேட சொல்லுங்க. வராது.

காசிமேடு_போட்டுக்காரன்

மிஸ்ஸு தப்பா எடுத்துக்காதீங்க, எம் புள்ளையும் ஒம்போதாவதுதான், வேற ஸ்கூலு. நாங்க விடியகால மூணு மணிக்கு ஹார்பருக்கு போறவங்க, புள்ள ஸ்கூல்ல நாலு எழுத்து படிச்சு எங்கள மாதிரி கஷ்டப்படாம இருக்கணும்னு சேத்துவுட்டுகீறோம். எந்த நாட்டுலயோ எவனோ எவனையோ கொன்னத இப்போ இன்னாத்துக்கு? மார்க்குக்கு வருமா? சரி மார்க்க வுடுங்க. எம் பையன் இந்த மாதிரி ஒன்னு கேட்டான்னா நாலு நாளு தூங்கமாட்டான், எங்கம்மா செத்தப்பவே அப்டிதான் இருந்தான். போன்ல கண்டதும் பாக்குறானுங்கதான் ஆனா அது அவனுக்கு சினிமா, நீங்க சொன்னா அது நிஜம், மிஸ்ஸு சொல்லிட்டாங்கனு வீட்டுல வந்து சொல்லுவான் பாருங்க அந்த மாதிரி.

அப்புறம் கோயிலுக்குள்ள வெச்சு சாமியாரே கொன்னாருனு சொல்லி அனுப்பிட்டு ஞாயித்துக்கிழமை பூசைக்கு வாடான்னா எப்டி வருவான்? எங்களுக்கு கோயில்தான் எல்லாம், சுனாமி வந்தப்போ எங்க போய் படுத்தோம்? கோயில்லதான். அத யோசிச்சு செய்ங்க. படம் கிடம் காட்டுனீங்கன்னா நானா இருந்தா ஸ்கூலாண்ட வந்து சத்தம் போடுவேன், சொல்லிட்டேன்.

சாக்பீஸ்_ராயபுரம்

அண்ணா, தப்பா எடுத்துக்கவே இல்ல, உங்கள மாதிரி ஒருத்தர் சொல்லணும்னுதான் இங்க போட்டேன். படம் காட்டுறதில்லனு இப்பவே முடிவு பண்ணிட்டேன். சுனாமி அன்னைக்கு கோயில்ல படுத்தீங்கனு சொன்னீங்க பாருங்க, அதுதான் ருவாண்டா கதையோட முள்ளே, அதனாலதான் விட மனசு வரல.

வாத்தியார் ஐயா, ரிஜிஸ்டர் விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி.

வியாசர்பாடி_விசில்

ருவாண்டாவ நான் எடுத்துருக்கேன், ஸ்கூல்ல இல்ல, எங்க ஏரியா ஈவ்னிங் டியூஷன் சென்டர்ல, ஒம்பது பத்து படிக்கிற பசங்களுக்கு. ஸ்டாஃப் ரூம்ல சொல்றவங்க சொல்லட்டும், கிறிஸ்டியன் ஸ்கூல்ல மொதல்ல எடுக்க வேண்டியதே ருவாண்டாதான்னு நான் சொல்வேன். ஏன்னா ஜெர்மனிய வெள்ளக்காரன் கதைனு தள்ளி வெச்சுடலாம். ருவாண்டா நம்மள மாதிரி நாடு, மிஷனரி வந்து ஸ்கூல் கட்டி கோயில் கட்டுன நாடு, 1994ல ஜனங்கள்ல பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்க, அதுலயும் கத்தோலிக்கம்தான் அதிகம். கொன்னவனும் ஞானஸ்நானம் வாங்குனவன், செத்தவனும் ஞானஸ்நானம் வாங்குனவன்.

பெல்ஜியம் ஆட்சி 1930கள்ல அங்க இருந்த மூணு இனத்த, ஹூட்டு, டுட்சி, ட்வானு அடையாள அட்டையில எழுதி கொடுத்துச்சு. சுதந்திரம் வந்த பிறகும் அந்த கார்டு போகல. ஸ்கூல்ல டீச்சர் ரிஜிஸ்டர வெச்சுக்கிட்டு டுட்சி பிள்ளைங்க எழுந்திருங்கனு சொல்லுவாங்களாம், தப்பிச்சவங்க நெறைய பேரு சின்ன வயசுல நான் யாருனே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுனு சொல்லிருக்காங்க. இத நான் சொன்னப்போ என் சென்டர்ல யாரும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பொண்ணு, "அண்ணா எங்க ஸ்கூல்லயும் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்தா எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்கனுதான் சொல்றாங்க"னா. ரெண்டும் ஒன்னு இல்லனு எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், இங்க எழுந்து நின்னா காசு வருது அங்க எழுந்து நின்னா லிஸ்டுல பேரு ஏறுது. ஆனா எழுந்து நிக்கும்போது பக்கத்து பெஞ்சு உன்ன பாக்குது பாரு, அந்த பார்வைய பத்தி அவளுக்கு பாடம் எடுக்க வேணாம். எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், மிஷன் ஸ்கூல்தான்.

காசிமேடு அண்ணனுக்கு. 1994க்கு முன்னாடி நடந்த கலவரங்கள்ல ஜனங்க கோயிலுக்குள்ள ஓடிப்போய் தப்பிச்சிருக்காங்க, அந்த நம்பிக்கையிலதான் 94லயும் ஓடுனாங்க, நீங்க சுனாமிக்கு ஓடுன மாதிரியே. ஏப்ரல் 7ல இருந்து ஜூலை நடு வரைக்கும், சுமாரா 100 நாளு, ஹூட்டு தீவிரவாதிங்க டுட்சிங்கள கொன்னாங்க, செத்தது 8 லட்சம் பேருக்கு மேலனு ஐ.நா. கணக்கு. நியாமாத்தா, ந்தராமா, நியாங்கேனு கோயில் கோயிலா நடந்துச்சு. நியாங்கேல 1500 பேர் கிட்ட உள்ள இருந்தப்போ புல்டோசர் வெச்சு கோயிலையே இடிச்சாங்க, பங்கு சாமியார் அதனாஸ் செரோம்பா, அவருக்கு அதுல பங்கு இருக்குனு ருவாண்டாவுக்கான ஐ.நா. கோர்ட் 2006ல 15 வருஷம் தீர்ப்பு கொடுத்துச்சு, 2008ல அப்பீல்ல ஆயுள் ஆச்சு. அட்வென்டிஸ்ட் பாஸ்டர் ஒருத்தருக்கும் தண்டனை கிடைச்சுது. 2017 மார்ச்ல போப் ஃபிரான்சிஸ் ருவாண்டா ஜனாதிபதிய வெச்சுக்கிட்டே திருச்சபை செஞ்ச பாவத்துக்கு கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. அவரே சொன்னத ஒரு டீச்சர் சொல்லக்கூடாதா?

ஆனா நியாங்கேல அதோட நிறுத்தாதீங்க. அதே ஊர்ல 1997 மார்ச்ல ஒரு ராத்திரி கொலகாரங்க மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தாங்க, பசங்க ராத்திரி படிப்புக்கு உக்காந்துருந்தாங்க, ஹூட்டு ஒரு பக்கம் டுட்சி ஒரு பக்கம் போங்கனு சொன்னாங்க. பசங்க பிரியல. நாங்க எல்லாரும் ருவாண்டாக்காரங்கனு சொன்னாங்க. சுட்டாங்க, குண்டு போட்டாங்க, சில பிள்ளைங்க செத்துப்போனாங்க. ரெண்டையும் சேத்து சொல்லுங்க. உங்க பையன் பூசைக்கு வருவானா மாட்டானானு எனக்கு தெரியாதுண்ணா, ஆனா எங்க சென்டர்ல பசங்க அதுக்கப்புறம் கேட்ட கேள்வி எல்லாம் அந்த ஸ்கூல் பசங்கள பத்தித்தான், யாரு மொதல்ல வாய திறந்தது, டீச்சர் அப்போ எங்க இருந்தாங்கனு.

கனடாவையும் ஒரு வரி சேருங்க. அங்க 1,50,000க்கு மேல பழங்குடி பிள்ளைங்கள வீட்டுல இருந்து பிரிச்சு போர்டிங் ஸ்கூல்ல போட்டாங்க, ஸ்கூல நடத்துனது சபைங்கதான், வீட்டு மொழி பேசுனா அடி. 2015ல அவங்க நாட்டு விசாரணை ஆணையம் இத கலாச்சார இன அழிப்புனு எழுதிச்சு. அதுல ஸ்கூலே ஆயுதம். ஹாஸ்டல் வெச்சிருக்குற நம்ம ஸ்கூலுங்க இத படிச்சா நல்லது, அவ்ளோதான் சொல்வேன்.

காவாங்கரை

நான் புழல் இலங்கை அகதிங்க கேம்ப்ல வளந்தவன். ஈழத்த பத்தி பசங்க கேட்டா என்னனு கேட்டிருந்தீங்க.

ஒன்னு மட்டும் செய்யாதீங்க, கிளாஸ்ல கேம்ப் புள்ள இருந்தா அவன எழுப்பி நீ சொல்லுப்பானு கேக்காதீங்க. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு சார் கேட்டாரு, நல்ல மனுஷன், பாசத்துல கேட்டாரு. எனக்கு தெரிஞ்சதெல்லாம் அம்மா சொன்னது, அம்மா அத முழுசா சொன்னதே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பசங்க என்ன வேற மாதிரி பாத்தாங்க, கிரிக்கெட்ல அவுட் ஆனாக்கூட அவுட் இல்லனாங்க.

கேள்வி வந்தா மறைக்கவும் வேணாம், மேடைப்பேச்சு மாதிரி பொரியவும் வேணாம். 2009 கடைசி மாசங்கள்ல 40,000 பேர் வரைக்கும் பொதுமக்கள் செத்திருக்கலாம்னு ஐ.நா. பொதுச்செயலாளர் அமைச்ச நிபுணர் குழு 2011ல எழுதிச்சு. 2015 பிப்ரவரில வட மாகாண சபை இனப்படுகொலைனு தீர்மானம் போட்டுச்சு, 2022 மேல கனடா பார்லிமென்ட் மே 18ஐ தமிழ் இனப்படுகொலை நினைவு நாளா ஏத்துக்கிச்சு. இலங்கை அரசு மறுக்குது. சர்வதேச கோர்ட் எதுவும் இன்னும் விசாரிச்சு தீர்ப்பு சொல்லல. இத்தனையும் சொல்லுங்க, 1948 ஐ.நா. உடன்படிக்கையில எது இனப்படுகொலைனு எழுதிருக்கோ அத போர்டுல எழுதி போடுங்க, பசங்க படிச்சு பாத்து பேசட்டும். எனக்கு என் கருத்து இருக்கு, அது என்னனு உங்களுக்கு தெரியும், ஆனா பதினாலு வயசு பையன் என் கருத்த மனப்பாடம் பண்றதுல எனக்கு என்ன லாபம்.

கோயில் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். 1995 ஜூலை 9 யாழ்ப்பாணத்துல நவாலி செயின்ட் பீட்டர் கோயில்ல ஒதுங்கியிருந்த சனத்து மேல விமானப்படை குண்டு போட்டுச்சு, நூறு பேருக்கு மேல செத்தாங்க. உங்க ராயபுரத்துலயும் செயின்ட் பீட்டர் கோயில் இருக்கு. என் பெரியம்மா அந்த வழியா பஸ்ல போனா இன்னும் சிலுவை போட்டுக்குவாங்க.

மண்ணடி_பாய்

டீச்சர், பசங்கள எங்கயாவது கூட்டிட்டு போகணும்னா நம்ம ஏரியாலயே ஆர்மேனியன் தெருல ஆர்மேனியன் சர்ச் இருக்கு, இப்ப இருக்குற கட்டடம் 1772ல கட்டுனது. செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வர்ற கூட்டம் பூரா அத தாண்டித்தான் போகும், ஆனா உள்ள யாரும் எட்டிப் பாக்குறதில்ல. நம்ம கடை பக்கத்துலதான், வெளிநாட்டுக்காரன் வந்து போட்டோ எடுத்துட்டு போவான், நம்ம பசங்களுக்கு அப்டி ஒன்னு இருக்குறதே தெரியாது. உள்ள முற்றத்துல தரை பூரா கல்லற கல்லு, அதுல ஒன்னு ஷ்மாவோனியன்ற பாதிரியாரோடது, 1794ல உலகத்துலயே மொத ஆர்மேனிய பத்திரிகைய இங்கதான் போட்டாரு, நம்ம மெட்ராஸ்ல. அந்த எழுத்து அவ்ளோ அழகா இருக்கும், ஒரு எழுத்தும் புரியாது.

ஒரு விஷயம் கவனிங்க, இந்த ஆர்மேனியருங்க வியாபாரத்துக்கு வந்தவங்க, பாரசீகத்துல ஜுல்ஃபா பக்கத்துல இருந்து. கொலைக்கு பயந்து ஓடி வந்தாங்கனு பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, கைடுங்க சில பேரு அப்டி அடிச்சு விடுவாங்க. ஆர்மேனியருங்கள கொன்னு குவிச்சது 1915ல, இவங்க வந்து ரெண்டு நூத்தாண்டுக்கு மேல ஆனப்புறம். அன்னைக்கு துருக்கிய ஆண்ட ஆட்டமன் பேரரசுதான் ஏப்ரல் 24 ராத்திரி இஸ்தான்புல்ல படிச்ச ஆர்மேனியருங்க, பத்திரிகக்காரங்கள அள்ளுச்சு, அப்புறம் ஊர் ஊரா இடம் மாத்துறோம்னு சொல்லி சிரியா பாலைவனத்துக்கு நடக்க விட்டாங்க, பத்து லட்சம் கிட்ட செத்தாங்க, அதுக்கு மேலனும் சொல்றாங்க. துருக்கி இன்னைக்கும் அது இனப்படுகொலைனு ஒத்துக்கல. கிறிஸ்தவங்க கொன்ன கதைய மட்டும் சொன்னா பேரன்ட்ஸ் கோவப்படுவாங்கனு இத சேத்துக்கலாம்னு தோணும், சேத்துக்கங்க, ஆனா உங்க கிளாஸ்ல அஞ்சாறு முஸ்லிம் பசங்க இருப்பாங்களே, ஆட்டமன் பேரரசுனு நீங்க சொன்ன நிமிஷம் மொத்த கிளாஸும் திரும்பி அவங்க மூஞ்சியத்தான் பாக்கும். வியாசர்பாடி தம்பி சொன்ன அதே பார்வைதான். அதனால கூடவே இதையும் சொல்லுங்க, 1917ல மெக்காவோட ஷெரீஃப் ஹுசைன் ஆர்மேனியருங்கள உங்க உசுரப் போல காப்பாத்துங்கனு கடிதம் போட்டாரு, பாலைவனத்துல அரபு குடும்பங்க பல பேரு பிள்ளைங்கள எடுத்து வளத்தாங்க. ருவாண்டாலயும் பள்ளிவாசல்ல ஒளிச்சு வெச்ச கதைங்க உண்டு. நல்லவங்க கெட்டவங்கனு பிரிக்க சொல்லல, புள்ளைங்க தலைய குனிஞ்சுட்டு வீட்டுக்கு போகக்கூடாது, அதுக்கு சொல்றேன்.

சர்ச்சுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க. வெயிலுக்கு முன்னாடி வந்தீங்கன்னா நல்லது, டீ நம்ம கணக்கு, அறுவது பேருன்னா மட்டும் மொதல்லயே சொல்லிடுங்க.

காசிமேடு_போட்டுக்காரன்

அந்த ஸ்கூல் பசங்க பிரியமாட்டோம்னு நின்னாங்க பாரு, அத எம் பையன்ட்ட நானே சொன்னேன். மீதிய நான் சொல்லல. அவன் கேட்டான், நம்ம ஏரியாவா இருந்தா நிப்பாங்களாப்பானு. கம்முனு இருடானு சொல்லிட்டேன், இன்னா சொல்றது.

படம் காட்டாம எடுத்தா ஓகே மிஸ்ஸு. ஆனா ஒரு லெட்டர் போட்டு பெத்தவங்கள கேட்டுட்டு எடுங்க, தமிழ்ல போடுங்க, போன தடவை ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ்ல போட்டு கையெழுத்து வாங்குனானுங்க, எதுக்குனே தெரியாம போட்டோம்.

பெரம்பூர்_பழைய_வாத்தியார்

இன்னும் ரெண்டு விஷயம். நாடகம் போடுறேன், நீ நாஜி நீ யூதன்னு பசங்கள நிக்க வெக்காதீங்க, சில ஸ்கூல்ல அத ஆக்டிவிட்டினு செய்றாங்க. நாஜியா நின்னவன் ஜாலியா இருப்பான், எதிர்ல நின்னவன் அழுவான், எவனும் ஒன்னும் கத்துக்க மாட்டான்.

அந்த பாஸ்கா விஷயம். ஜெர்மனில ஓபராமர்காவ்னு ஒரு ஊரு, பிளேக் நோய் வந்தப்போ நேர்ந்துக்கிட்டு 1634ல இருந்து பாஸ்கா நாடகம் போடுறாங்க, இப்போ பத்து வருஷத்துக்கு ஒரு தடவ. ஹிட்லர் 1930லயும் 34லயும் நேர்ல போய் பாத்துட்டு புகழ்ந்தான், யூதர் எப்டிப்பட்டவங்கனு இத விட நல்லா காட்ட முடியாதுனு. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக"னு மத்தேயு 27ல வருதே, அந்த வசனத்த இப்போ அவங்க நாடகத்துல இருந்து எடுத்துட்டாங்க, இயேசுவ யூத ரபியாவே காட்டுறாங்க, எபிரேய ஜெபமெல்லாம் வருது. உங்க பங்குல நாடகம் எழுதுற இளைஞர் யாருனு பாத்து அவர்கிட்ட இத சொல்லுங்க. அந்த பீடத்து பையன் அடுத்த வருஷம் அதுல கூட்டத்துல ஒருத்தனா கத்தப்போறான், கிளாஸ்ல நீங்க என்ன சொன்னாலும் அங்க மேடையில மைக் இருக்கு.

சாக்பீஸ்_ராயபுரம்

சிஸ்டர்கிட்ட பேசிட்டேன். நோஸ்ட்ரா ஏத்தாத்தே தமிழ்ல இருக்குற பக்கத்த எடுத்துட்டு போனேன், படிச்சுட்டு ஒன்னும் சொல்லல, லெட்டர் டிராஃப்ட் பண்ணி கொண்டுவாங்கனு மட்டும் சொன்னாங்க. ருவாண்டாவுக்கு இன்னும் ஓகே வரல, கரஸ்பாண்டென்ட்ட கேக்கணுமாம். ரிஜிஸ்டர்ல ஆரம்பிச்சு எடித் ஸ்டெயின் வரைக்கும் மொதல்ல, நியாங்கே ஸ்கூல் பசங்க கதை எப்டியும் சொல்வேன், அதுக்கு யார்ட்டயும் கேக்க போறதில்ல. ஸ்காலர்ஷிப் ஃபார்ம் எங்க ஸ்கூல்லயும் அப்டித்தான் கூப்பிடுறாங்க, அத ஆபீஸ் ஸ்டாஃப்கிட்ட சொல்லி தனித்தனியா கூப்பிட சொல்லிருக்கேன், முறைச்சாங்க.

பாய், ஆர்மேனியன் சர்ச் பிப்ரவரில வெச்சுக்கலாம்னு இருக்கேன், எத்தன பேருனு சொல்றேன்.

ஒரு சந்தேகம், கோயில் ஆபீஸ்ல பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டர் ஒன்ன கிளாஸுக்கு எடுத்துட்டு வந்து காட்டலாமா? ஃபாதர் தருவாரானு தெரியல.

பெரம்பூர்_பழைய_வாத்தியார்

வேணாம்மா. அதுல பசங்களோட பாட்டன் பேரு இருக்கும், மதம் மாறுன தேதி இருக்கும், பழைய ரிஜிஸ்டர்ல சில இடத்துல சாதியும் எழுதிருப்பாங்க, ஒருத்தன் படிச்சு இன்னொருத்தன பாத்து சிரிச்சான்னா முடிஞ்சுது. ஒன்னும் எழுதாத சர்டிபிகேட் ஃபார்ம் ஒன்னு கேளுங்க, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்னு கொடுத்து, தாத்தா பாட்டி காலத்துல இது கேட்டிருந்தா நம்ம வீட்டுல யார்கிட்ட இருந்துருக்கும்னு மட்டும் கேளுங்க. பதில நோட்டுல எழுத வேணாம்னு சொல்லிடுங்க.